நெஞ்சு கொடுத்த சிக்னல்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு தனியார் யார்டில் நான் கிரேன் ஓட்டுகிறேன். இரண்டு பக்கத் தண்டவாளத்திலும் கால் வைத்து நிற்கும் பெரிய கிரேன் அது. மேலே உத்தரத்தோடு ஒட்டி ஒரு கண்ணாடிக் கூண்டு தொங்கும். அதைத்தான் கேபின் என்கிறோம். பக்கவாட்டு இரும்பு ஏணியில் ஏறி அதற்குள் உட்கார வேண்டும். துறைமுகத்திலிருந்து டிரெய்லரில் வரும் இரும்புச் சுருள்களை இறக்குவதும், பிளேட்டுகளை லாரியில் ஏற்றுவதும் என் வேலை.

எனக்கு அந்த வேலை பிடித்ததற்குக் காரணம், அங்கே வாயைத் திறக்க வேண்டியதில்லை. சின்ன வயதிலிருந்தே கூச்சம். பத்தாவது படிக்கும்போது பதில் தெரிந்தாலும் எழுந்து நிற்க மாட்டேன். கல்யாண விருந்தில் இன்னொரு கரண்டி பிரியாணி கேட்க வாய் வராமல், பாதி வயிற்றோடு கை கழுவிவிடுவேன். கேபினில் அந்தத் தொல்லை இல்லை. சரக்குக்குச் சங்கிலி மாட்டிவிட்டு, கீழே நின்று கையால் எனக்கு வழி சொல்பவனைக் கலாசி என்போம். அவன் விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்குவேன். கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்குவேன். அந்த விரலுக்கு மேல் இன்னொரு உள்ளங்கையைக் குடை மாதிரி பிடித்தால், மெதுவாக. இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டால், எல்லாவற்றையும் அப்படியே வைத்திரு.

இதில் ஒரு சட்டம் உண்டு. தூக்கு, இறக்கு என்று சொல்ல கலாசிக்கு மட்டும்தான் உரிமை. ஆனால் ‘நிறுத்து’ என்பதை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து உள்ளங்கையைக் கீழே காட்டினால் போதும். டீ கொண்டுவருகிறவர் கொடுத்தாலும் அந்த நொடியே நிறுத்த வேண்டும். ஏன், எதற்கு என்றெல்லாம் அப்போது கேட்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை என் மண்டையில் தட்டித் தட்டி ஏற்றினார்கள். அது என் ரத்தத்தில் ஊறிப்போய்விட்டது.

மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் ஒரு நாள் மதியம் அது வந்தது. அன்று காற்று இல்லை, மழை இல்லை, கிரேனில் கோளாறும் இல்லை. ஒரு சுருளைத் தூக்கி நடு யார்டுக்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தேன். நெஞ்சை யாரோ உள்ளேயிருந்து உதைத்தார்கள். விரல்கள் மரத்தன. கண்ணாடிக்கு வெளியே தெரிந்ததெல்லாம் தூரமாகப் போனது. செத்துக்கொண்டிருக்கிறேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. எப்படியோ சுருளைத் தரையில் வைத்தேன். வைத்த கையோடு ஏணியில் இறங்கி ஓடினேன். கிரேன் காலடியில் உட்கார்ந்த பிறகுதான் மூச்சு வந்தது.

கலாசி என்னை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினான். நாங்கள் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் வியாசர்பாடிக்காரன், என்னை மாமு என்பான். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். மறுநாள் ஏறினேன். கேபினில் உட்கார்ந்ததும் மறுபடி உதை. மறுபடி இறங்கினேன், மறுபடி ஈ.சி.ஜி., மறுபடி இதயம் நன்றாக இருந்தது. அதன் பிறகு ஏணியின் பாதியிலேயே வந்தது. கடைசியில் ஏணியின் அடியில் நின்று மேலே பார்த்தாலே வந்தது.

யார்டு சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“உன் கையில வித்த கீதுப்பா, இல்லன்னு சொல்லல. ஆனா அந்தரத்துல இரும்பு தொங்கசொல்ல உனுக்கு மயக்கம் வந்துச்சுன்னா யார் பதில் சொல்றது? பொங்கல் வரைக்கும் எடை மேடையில குந்து. கான்ட்ராக்ட்ல ஒரு ஆபரேட்டர் வர்றாரு. பொங்கலுக்கு அப்புறமும் நீ ஏறலன்னா கேபின் அவருக்குத்தான்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. நான் தலையாட்டிவிட்டு எடை மேடைக்குப் போனேன். அங்கே நாள் முழுக்க டிரைவர்களோடு பேச வேண்டும். வண்டியைப் பின்னால் எடு, முன்னால் விடு என்று கத்த வேண்டும். என் குரல் அவர்களுக்கு எட்டவே எட்டாது. கண்ணாடி ஜன்னல் வழியாக என் கிரேன் தெரியும். அதில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். அந்தக் கேபின் போய்விட்டால் நான் யார் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது, எனக்கும்தான்.

வீட்டில் என் மனைவி ராயபுரம் மாதா கோயிலிலிருந்து மந்திரித்த எண்ணெய் வாங்கி வந்து காலையும் மாலையும் நெஞ்சில் தேய்த்தாள். கலாசி ஒரு தர்காவிலிருந்து கறுப்புக் கயிறு கொண்டுவந்து கையில் கட்டினான். இரண்டையும் மறுக்கவில்லை. மூன்றாவது ஈ.சி.ஜி.யோ நான்காவதோ எடுத்த டாக்டர், இது பதற்ற நோய் என்று சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்து, எங்கள் பகுதி சுகாதார நிலையத்துக்கு வரும் மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார்.

மனைவிக்கு முகம் செத்துப்போனது. “ஏங்க, இன்னிக்கு இங்க அனுப்புவாங்கோ, நாளைக்குக் கீழ்ப்பாக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரின்னுவாங்கோ. தெருவுல இன்னா பேசுவாங்கோ?” என்றாள்.

கலாசி சிரித்தான். “கவுன்சிலிங்கா? இன்னா மாமு, இந்த வயசுல இஞ்சினியரிங் சீட்டு வாங்கப் போறியா? வாங்கு, வாங்கு. அப்பிடியே எனுக்கும் ஒண்ணு சொல்லி வை.” பிறகு தோளில் கை போட்டு, “போயிட்டு வாடா. அந்தப் புது ஆளு கூட என்னால முடியல. நான் கை காட்டசொல்ல அவரு போனைப் பாத்துகினு கீறாரு” என்றான். அவன் அப்படிச் சொன்னதால்தான் போனேன்.

சுகாதார நிலையத்தில் தடுப்பூசிக்கு வந்த குழந்தைகள் ஒரு பக்கம் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆலோசகர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. அதில் ஜரிகைப் புடவை கட்டிய ஒரு திருநங்கை உட்கார்ந்திருந்தார். திருவொற்றியூரில் இட்லிக் கடை வைத்திருக்கிறவர் என்று பிறகு தெரிந்தது. எல்லாரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டார்கள். நான் பெஞ்சின் ஓரத்தில் பாதி உடம்பை வைத்தேன்.

“இன்னா அண்ணே, பிரஷரா, சக்கரையா?” என்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.

“வாயத் தொறக்க மாட்டியா? அப்ப நம்ம மேடம் கேசுதான். நல்லா குந்து அண்ணே, பெஞ்சு உன்னக் கடிக்காது. மேடமும் கடிக்க மாட்டாங்கோ.”

உள்ளே கூப்பிட்டார்கள். அது முன்பு மருந்துப் பெட்டிகள் வைக்கும் அறையாக இருந்திருக்க வேண்டும். மூலையில் இன்னமும் சில பெட்டிகள் இருந்தன. ஆலோசகருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டு வெறும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் சீட்டில் பெயர் இருந்தும் அதைப் பார்க்காமல் கேட்டார்: “உங்கள எப்படிக் கூப்டணும்?”

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. வாயிலிருந்து “ஆபரேட்டர்” என்று வந்தது. சொன்ன பிறகுதான் உறைத்தது. அப்போது நான் எதையும் ஓட்டிக்கொண்டிருக்கவில்லை.

“சரிங்க ஆபரேட்டர் அண்ணே” என்றார், அது ரொம்ப சாதாரண விஷயம் போல.

எல்லாரிடமும் முதலில் அந்தக் கேள்வியைத்தான் கேட்பார் என்று அக்கா பின்னால் சொன்னார். சீட்டு போடும் இடத்தில் அக்காவை ரேஷன் கார்டில் இருந்த பழைய பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டபோது, கூட்டம் திரும்பிப் பார்த்திருக்கிறது. ஆலோசகர் தன் அறையிலிருந்து எழுந்து வந்து, அக்கா தனக்கு வைத்துக்கொண்ட பெயரைச் சொல்லி, “வாங்க, உங்களுக்குத்தான் காத்துகினு கீறேன்” என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாராம். “அன்னிக்கே எனுக்குப் பாதி நோவு போச்சு அண்ணே” என்றார் அக்கா.

நான் டி.வி. செய்தியில் பேசுவது போல, “எனக்கு நெஞ்சுப் பகுதியில் படபடப்பு ஏற்படுகிறது” என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை.

“அண்ணே, நான் புளியாந்தோப்பு ஹவுசிங் போர்டுல பொறந்து வளந்தவ. என்னாண்ட நல்ல தமிழ் பேசணும்னு கஷ்டப்படாதீங்க” என்றார். பிறகு எழுந்து தன் நாற்காலியைத் திருப்பி என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஜன்னலைப் பார்த்துப் போட்டார். “மூஞ்சியப் பாத்துப் பேசணும்னு ஒன்னியும் இல்ல. பேசணும்னே இல்ல. குந்தியிருந்துட்டுப் போங்க.”

இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே தண்ணீர் லாரி வந்து நின்றது. பெண்கள் குடங்களோடு சண்டை போட்டார்கள். யார் முதலில் பிடிப்பார் என்று ஆலோசகர் என்னிடம் கேட்டார். பச்சைக் குடம் என்று சொன்னேன். பச்சைக் குடம்தான் பிடித்தது. முதல் நாள் நாங்கள் பேசியது ஏறக்குறைய அவ்வளவுதான். கிளம்பும்போது கையிலிருந்த கயிற்றைச் சட்டைக்குள் மறைத்தேன். அவர் பார்த்துவிட்டார்.

“ஏன் மறைக்கிறீங்க? யார் கட்டினது?”

“தோஸ்து. வீட்ல எண்ணெயும் தேய்க்கிறாங்க.”

“இருக்கட்டும். எண்ணெய் தேய்க்கிற கையும் வேணும், கயிறு கட்டுற கையும் வேணும். டாக்டர் குடுத்த மாத்திரையும் விடாதீங்க. எல்லாரும் உங்களப் புடிச்சுகினு கீறாங்க, அவ்வளவுதான்.” அடுத்த வாரம் மனைவியையும் அழைத்து வரச் சொன்னார். மனைவி பயந்துகொண்டே வந்தாள். அவர் அவளிடம் என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவள் எப்படித் தூங்குகிறாள், சாப்பிடுகிறாள் என்று கேட்டார். அவள் அழுது நான் அன்றுதான் பார்த்தேன். வீட்டுக்கு வரும் வழியில், “அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுங்க” என்று மட்டும் சொன்னாள். கீழ்ப்பாக்கம் பற்றிய பேச்சு அதோடு நின்றது.

அதற்குப் பிறகு போனபோதும் எனக்குப் பேச்சு வரவில்லை. அப்போது அவர் கேட்டார்: “அவ்வளவு சத்தத்துல கலாசி சொல்றது மேல எப்படிக் கேக்கும்?”

“கேக்காது மேடம். கைதான்.”

“காட்டுங்களேன்.”

நான் எழுந்து நின்று காட்டினேன். தூக்கு, இறக்கு, மெதுவாக, அப்படியே வைத்திரு, நிறுத்து. அவரும் எழுந்து செய்து பார்த்தார். எல்லாம் தப்புத்தப்பாக வந்தது.

“மேடம், இப்ப நீங்க காமிச்சதுக்கு சுருளு உங்க மண்டையில வந்து இறங்கும்” என்றேன்.

அவர் சத்தமாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து நான் சிரித்தது அதுதான் முதல்.

“சரி, இனிமே இந்த ரூம்லயும் இதுதான்” என்றார். “நான் கேக்குறது உங்களுக்குப் புடிக்கலன்னா கையைக் கோத்துக்கோங்க. பேச்ச அப்படியே அந்தரத்துல வெச்சிடுறேன். வேகமாப் போறேன்னு தோணுச்சுன்னா மேல உள்ளங்கையப் புடிங்க.”

எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை. வேண்டாம் என்று வாயால் சொல்லத் தெரியாதவனுக்கு வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி கிடைத்தது. அந்த வழி இருந்ததால், அதை அதிகம் பயன்படுத்தாமலே பேச ஆரம்பித்துவிட்டேன். என் பயம் எனக்குச் சாவு வரும் என்பதில் மட்டும் இல்லை என்று சொன்னேன். சுருள் தொங்கும்போது கலாசி பக்கத்தில்தான் நிற்பான். அவனுக்கு இரண்டு பெண்கள். என் கை மரத்துப்போனால் அவன் கதி என்ன? அதனால்தான் நெஞ்சு அடித்ததும் இறங்கிவிடுகிறேன். நிறுத்து என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டும், அதுதான் சட்டம், நெஞ்சு சொன்னாலும் கேட்கத்தான் வேண்டும் என்றேன்.

கிரேனைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததைக் கேட்க அவர் வெட்கப்பட்டதே இல்லை.

“அண்ணே, ஒரு சந்தேகம். கீழேருந்து யாராச்சும் நிறுத்துன்னு காட்டுனா நீங்க இன்னா பண்ணுவீங்க?”

“நிறுத்துவேன் மேடம்.”

“அப்புறம்?”

“அப்புறம் பாப்பேன். ஆளு குறுக்க வந்துச்சா, சங்கிலி கழண்டுச்சான்னு. ஒன்னும் இல்லன்னா கலாசி மறுபடி கை காட்டுவான். எடுப்பேன்.”

“சுருளு?”

“அது பாட்டுக்குத் தொங்கும். பிரேக்கு புடிச்சிருக்கும். ஒன்னும் ஆவாது.”

“யாரோ நிறுத்துன்னு காட்டுனதுக்காக ஏணியில எறங்கி ஓடுவீங்களா?”

“அது எப்படி மேடம் ஓடுறது? சுருளு தொங்கிகினு இருக்கசொல்ல...”

அங்கேயே எனக்கு வாய் நின்றுவிட்டது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

நான் வீட்டுக்கு நடந்து போனேன், ஷேர் ஆட்டோ ஏறவில்லை. வழியெல்லாம் அதே நினைப்பு. நெஞ்சு நிறுத்து என்றது, சரி. நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டியவன் ஒவ்வொரு முறையும் இறங்கி ஓடியிருக்கிறேன். சட்டத்தில் பாதியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு முறைகூட நான் அங்கே இருந்து பார்த்ததில்லை.

தெரிந்துகொண்டது வேறு, செய்வது வேறு. மறுநாள் ஏணி அடியில் நின்றேன். கால் எழும்பவில்லை. கார்த்திகை பாதி போய்விட்டது. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆலோசகர் சனிக்கிழமைகளில் சிலரைச் சேர்த்து வட்டமாக உட்கார வைப்பார். அக்கா வருவார். முகத்துவாரக்குப்பத்திலிருந்து தூக்கம் போன ஒரு மீன்கார அம்மா வருவார். நான் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு சனிக்கிழமை புதிதாக ஒருவர் மனைவியோடு வந்தார். என் வயதுதான் இருக்கும், வாட்டசாட்டமான ஆள். காலியாக இருந்தது அக்காவுக்குப் பக்கத்து நாற்காலி மட்டும்.

“இதுங்க பக்கத்துலலாம் நான் குந்த மாட்டேன். வேற சேர் போடுங்கோ” என்றார்.

“அண்ணே, இங்க எல்லாரும் நோவோட வந்தவங்கதான்” என்றார் ஆலோசகர் குரலை உயர்த்தாமல். “உங்க நோவுக்கும் இடம் கீது, அவங்க நோவுக்கும் இடம் கீது.”

அந்த ஆள் நிறுத்தவில்லை. அக்காவைப் பார்த்துக் கையைத் தட்டிக் காட்டி ஏதோ கலீஜாகச் சொன்னார். யாரிடமும் சளைக்காமல் பேசும் அக்கா அன்று பேசவில்லை. கீழே வைத்திருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே நான் எழுந்து நின்றேன். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தேன், உள்ளங்கைகள் தரையைப் பார்க்க.

“இன்னாய்யா இது, யோகாவா?” என்றார் அந்த ஆள்.

கைகளை இறக்கவில்லை. “நிறுத்துங்க” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “இத்த யார் காட்டுனாலும் நிறுத்தணும். ரூலு அது.”

அவர் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் போய் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் நாற்காலி அந்த ஆளுக்குக் காலியானது. அக்கா பையை மறுபடி கீழே வைத்தார். வைத்துவிட்டு என் காதோரம், “கிரேன் அண்ணே, இன்னா கையி அது! பிளேன் எறங்கப் போதுன்னு நெனச்சேன்” என்றார். கண் கலங்கியிருந்தது.

ஆலோசகர் அந்த ஆளை வெளியே அனுப்பவில்லை. தன் நாற்காலியை எடுத்துப்போய் அவர் பக்கத்தில் போட்டு, “சொல்லுங்க அண்ணே, உங்கள எப்படிக் கூப்டணும்?” என்று கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த வாரமும் வந்தார். அக்காவிடமிருந்து தள்ளித்தான் உட்கார்ந்தார். ஆனால் வந்தார்.

அன்று எல்லாரும் போன பிறகு ஆலோசகர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, கையை விரிச்சீங்களே, அப்ப நெஞ்சு அடிச்சுதா?”

“அடிச்சுது மேடம். வெளிய வந்துடும்போல அடிச்சுது.”

“கை நடுங்குச்சா?”

யோசித்துப் பார்த்தேன். “இல்ல மேடம்.”

“நெஞ்சு அது பாட்டுக்கு அடிச்சுது. கை அது பாட்டுக்கு வேலை பாத்துது.”

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. எனக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் யார்டுக்குப் போனேன். வேலை இல்லாத நாள் என்பதால் சூப்பர்வைசர் சாவி கொடுத்தார். ஆலோசகரும் வந்தார். அது அவருடைய வேலை இல்லை. ஆனாலும் வந்தார். கண்ணை மறைக்கும் அளவுக்குப் பெரிய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, கலாசி பக்கத்தில் நின்றார். அக்கா இட்லிப் பொட்டலத்தோடு வந்துவிட்டார்.

“யாரு மாமு இது?” என்றான் கலாசி.

“உன் மாமுவுக்கு நாஸ்தா கொண்டாந்தவ. நீ யாரு, கீழ நின்னுகினு கையாட்டுற டிராபிக் போலீசா?” என்றார் அக்கா.

“இன்னாடா இவ்ளோ வாய் கீது!” என்று கலாசி சரணடைந்தான். மூன்று இட்லி தின்ற பிறகு அவனும் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தான்.

முதலில் ஏணியின் பாதி வரை. நெஞ்சு உதைத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கவில்லை. மேலே போகவுமில்லை. கீழே ஆலோசகர் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு நின்றார், இந்த முறை சரியாக. அப்படியே வைத்திரு. உதை ஏறியது, ஏறியது, உச்சிக்குப் போனது. பிறகு தானாகவே குறைய ஆரம்பித்தது. அது குறையும் என்பதை என் வாழ்க்கையில் முதல் முறையாக அங்கே நின்று பார்த்தேன். மேலே கம்பியைப் பிடித்தபடியே கத்தினேன்: “மேடம், போவுது! போவுது மேடம்!” இவ்வளவு சத்தமாக இவன் கத்துவானா என்று வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு கேபின் வரை. பிறகு கேபினுக்குள் கரண்ட் இல்லாமல் உட்கார்ந்தேன். பிறகு வெறும் கொக்கியை ஓட்டினேன். பிறகு பக்கத்தில் ஆள் இல்லாமல் ஒரு சிறிய பிளேட்டைத் தூக்கினேன். நடுவில் ஒரு ஞாயிறு முடியவில்லை, பாதியில் இறங்கிவிட்டேன். “பரவாயில்ல, ஒரு நாளு எறங்குனா ஏணி எங்கியும் போயிடாது” என்றார் ஆலோசகர். டாக்டரும் பார்த்துவிட்டு, வேலை செய்யலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

பொங்கல் விடுமுறை முடிந்து யார்டு திறந்த முதல் நாள். ஆலோசகரை வரச் சொல்லிக் கேட்டிருந்தேன். “வர மாட்டேன் அண்ணே. வேலை நாள்ல உங்களுக்குக் கலாசி போதும்” என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான் என்றாலும் அன்று காலை அவர்மேல் கோபமாக இருந்தது.

வாசலில் டிரெய்லர்கள் வரிசையாக நின்றன. சூப்பர்வைசர் எடை மேடையருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் ஏறினேன். உட்கார்ந்தேன். மணியை அடித்தேன். கலாசி சங்கிலியை மாட்டிவிட்டு விலகி நின்று, விரலை மேலே நீட்டிச் சுழற்றினான். சுருள் டிரெய்லரை விட்டு எழுந்தது.

பாதி தூரம் போகும்போது அது வந்தது. அதே உதை. விரல் நுனிகள் ஊசி குத்தியது போல மரக்கத் தொடங்கின. நிறுத்தினேன். பிரேக் பிடித்தது. அத்தனை கனமும் அந்தரத்தில் அசையாமல் நின்றது.

கீழே கலாசி நிமிர்ந்து பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. தன் கைகளை வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டான். யார்டு மொத்தமும் நின்றது. பின்னால் இருந்த டிரைவர் ஒருவர் ஹாரன் அடித்தார். “த்தோ, ஹாரன அமுக்காதே! ஆபரேட்டரு பாத்துகினு கீறாரு!” என்று கலாசி கத்தியது கண்ணாடியைத் தாண்டி எனக்குக் கேட்டது.

நான் பார்த்தேன். குறுக்கே ஆள் இல்லை. சங்கிலி சரியாக இருந்தது. கொக்கி சரியாக இருந்தது. நெஞ்சு மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. அடிக்கட்டும் என்று விட்டேன். கையைப் பார்த்தேன். லீவர் மேல் அது பாட்டுக்கு இருந்தது. உதை உச்சிக்குப் போனது. நான் அங்கேயே இருந்தேன். அது இறங்க ஆரம்பித்ததும் மணியை அடித்தேன்.

கலாசி கைகளைப் பிரித்தான். விரலுக்கு மேல் உள்ளங்கையைப் பிடித்துச் சுழற்றினான். சுருளை நகர்த்தி, கட்டைகளுக்கு நடுவில், ஒரு சத்தமும் வராமல் இறக்கினேன். கலாசி இரண்டு விரலை வாயில் வைத்து அடித்த விசிலுக்கு மார்க்கெட்டே திரும்பியிருக்கும். சூப்பர்வைசர் கட்டியிருந்த கைகளை அவிழ்த்துவிட்டு, ஆபீசுக்குள் போனார்.

அடுத்த டிரெய்லர் வந்தது. அதற்கடுத்தது வந்தது. இன்னொரு முறையும் நெஞ்சு உதைத்தது. நிறுத்தினேன், பார்த்தேன், எடுத்தேன். மூன்றாவது முறை அது வந்ததா என்று எனக்கு நினைவில்லை, வேலை அப்படி இருந்தது.

ஷிப்ட் முடியும் நேரத்தில் கான்ட்ராக்ட் ஆபரேட்டர் ஏணியடியில் வந்து நின்றார். இரண்டாவது ஷிப்டுக்கு அவரையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போவதாகச் சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். கையை வாயருகே குவித்து மேலே பார்த்துக் கூப்பிட்டார்: “அண்ணே, டைம் ஆச்சு, எறங்குங்க!”

நான் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினேன்.

“இரு தம்பி. இன்னும் ஒரு வண்டி நிக்குது. இறக்கிட்டு வர்றேன்.”